நாற்பது பைசாப் படம்

வயிறு முட்ட நீர்ச்சோறு குடித்துவிட்டு வந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் லிங்கதுரைக்குப் பசி குடலைச் சுருட்டிப் பிடித்தது. பிடரி அனலாகக் கொதித்தது. கண்ணுக்கு முன்னால், உப்பு அம்பாரத்துக்கும் லாரிக்கும் நடுவில், ஆவி பறக்கும் பன் ஒன்று எட்டு நொடி சுழன்று மறைந்தது. அன்று காலையில் அது மூன்றாவது படம்.

எதிரே தராசு இருந்தது. அந்த உப்பளத்தில் நாலு மாதத்துக்கு ஒருமுறை சுமைகாரர்களை உப்பு நிறுக்கும் தராசிலேயே நிறுப்பார்கள். ஐம்பத்தைந்து கிலோவுக்குக் குறைந்தவனை மூட்டையோடு லாரிப் பலகையில் ஏற்றினால் ஆளும் மூட்டையும் சேர்ந்து கவிழும் என்பது அவர்கள் அனுபவம்.

"ஐம்பத்து நாலு," என்றார் கணக்கப்பிள்ளை சுடலைமணி. "போன தடவை அறுபது. என்னலே, பொண்டாட்டி பன் கம்பெனில வேலை பாக்கா, நீ காத்துல பறக்க?"

வரிசை சிரித்தது. சிரித்தவர்களில் இருபத்திரண்டு பேர் அடுத்த அரை மணி நேரத்தில் அதே தராசில் தோற்றார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை.

"உனக்கு இனிச் சுமை கிடையாது. பாத்தில உப்பு வாரப் போ. பாதிக் கூலி."

லிங்கதுரை வாரப் போகவில்லை. நேராகப் பன் கம்பெனி வாசலுக்குப் போனான்.

அந்த நேரத்தில் அவன் மனைவி உலகம்மாள் மாடியில் உட்கார்ந்து அறிக்கையை முடித்துக்கொண்டிருந்தாள். செய்தி அனுப்பும் பிரிவு முழுவதும் அவள் பொறுப்பு. கைபேசிகள் ஒழிந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. இப்போது எல்லாருக்கும் பிடரிச்சில்லு. கழுத்துக்குப் பின்னால் தோலுக்கடியில் மிளகளவு இருக்கும். மின்கலம் கிடையாது, ரத்தத்தில் உள்ள சர்க்கரையிலேயே ஓடும். வருகைப் பதிவும் கூலியும் அதன் வழியாகத்தான். விளம்பரம் வாங்கச் சம்மதித்தால் சில்லு இலவசம். கூலிக்காரர்கள் எல்லாரும் சம்மதித்திருந்தார்கள்.

விளம்பரம் இரண்டு வகை. எழுத்தஞ்சல் கண்ணோரத்தில் ஒரு வரியாக ஓடும், அனுப்ப மூன்று பைசா. படவஞ்சல் கண்ணுக்கு நேரே நிற்கும், நாற்பது பைசா. எது கட்டுப்படியாகும் என்று பார்க்க, நாலு மாதமாக உப்பளத்துக்காரர்களுக்கு நாளுக்குப் பத்துப் படமும், துறைமுகத்துக்காரர்களுக்குப் பத்து எழுத்தும் அனுப்பினார்கள். யோசனை உலகம்மாளுடையது. துறைமுகத்தில் விற்பனை அசையவில்லை. உப்பளத்தில் ஒன்பது மடங்கு ஏறியது. இன்று மாலை ஆறு மணிக்குத் தென்மாவட்டம் முழுக்க, நாலு லட்சம் கூலிக்காரர்களுக்குப் படம் போகவிருந்தது.

காவலாளி கூப்பிட்டதும் கீழே இறங்கி வந்தாள்.

"ஏளா, ஆறு கிலோ போயிட்டு," என்றான் லிங்கதுரை. "சுமையிலேர்ந்து எடுத்துட்டான். தின்னத் தின்னப் பசிக்கி."

"ஆஸ்பத்திரிக்குப் போவோம். அரைநாள் லீவு போடுதேன்."

"நான் ஒருத்தன்னா சரி. இருபத்திமூணு பேருக்கும் ஒரே நாள்லயா சீக்கு வரும்? உங்க படம் வந்தாத்தாம்ளா பசிக்கி."

அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. "பசிக்கத்தான் அனுப்புதோம். பன்னு அப்படி இருக்குல்லா?"

"என்ன பெரிய பன்னு? செவ்வாக்கிழமை பூரா எலிப்பொறி காட்டுனீங்களே. செத்த எலி வேற உள்ள கிடந்துச்சு. அதப் பாத்துட்டு மூணு பன் தின்னேன்."

"எலிப்பொறியா?"

"நீ அனுப்புனதுதானே. அம்புட்டுப் பேருக்கும் அதேதான் வந்துச்சு."

உலகம்மாள் படிகளில் ஓடினாள். கம்பெனி மாவுக் கிடங்கில் எலித் தொல்லை. பொறி விற்பவன் அனுப்பிய படம் பன் படங்களோடு ஒரே இடத்தில் கிடந்தது. செவ்வாய்க்கிழமை வரிசையில் அவள் கைதவறி அதைத்தான் சேர்த்திருந்தாள். பத்து தடவையும் அதுவே போயிருந்தது. அன்றைய விற்பனையைத் திறந்து பார்த்தாள். திங்கட்கிழமையைவிட ஒரு பன்கூடக் குறையவில்லை.

சில்லோடு வந்த கையேட்டை எடுத்தாள். அதை யாரும் பிரித்ததே இல்லை. அறுபத்தோராம் பக்கத்தில் இருந்தது: பெறுபவர் உடலில் செலவு, எழுத்தஞ்சலுக்கு அரைக் கலோரி, படவஞ்சலுக்கு எண்பது. நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு உடல் மெலிய உதவும் என்று கீழே ஒரு சிபாரிசு வேறு.

பத்துப் படம், எண்ணூறு கலோரி. இரண்டு பன் தின்றால் திரும்பி வருவது நானூறு. மிச்ச நானூறு நாள்தோறும் சதையிலிருந்து போயிருக்கிறது. நூற்றிருபது நாள். ஆறு கிலோ சரியாக வந்தது.

மேலாளர் பெர்க்மான்ஸ் கையேட்டை வாங்கி இரண்டு தடவை படித்தார். முகம் வெளுத்துப் போயிற்று. தண்ணீர் குடித்தார்.

"என் மவளுக்கும் இந்தச் சில்லுதாம்மா போட்டிருக்கு," என்றார்.

"சார், படத்தப் பாத்து யாரும் வாங்கல. நாம அவங்க வயித்துலேர்ந்து எடுத்து அவங்களுக்கே விக்கோம். என் வீட்டுக்காரருக்குச் சுமை வேலையே போயிட்டு."

அவர் கையேட்டை மூடி வைத்தார். மின்விசிறி சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். நிறுத்தச் சொல்லப் போகிறார் என்றுதான் அவள் நினைத்தாள்.

"எலிப்பொறிக்கே இந்த விற்பனைன்னா, படம் வரையுறவனுக்கு எதுக்கும்மா சம்பளம்? வெறும் வெள்ளையப் படமா அனுப்பு. ஆனா ஒண்ணு, பசி வந்த எடத்துல நம்ம வண்டி நிக்கணும். பக்கத்துல எவனும் வடை போட்டா நம்ம காசு அவனுக்குப் போயிரும்."

"சார்..."

"மவளுக்குச் சில்ல நான் இன்னைக்கே எடுத்துருவேன். நீயும் உன் வீட்டுக்காரருக்கு எடுத்துரு. ஆறு மணிக்கு அனுப்பிட்டு எனக்குச் சொல்லு."

அவர் கிளம்பிப் போனார். உலகம்மாள் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தாள். ஆறு மணி வரிசையில் இருந்த படத்தை எடுத்தெறிந்துவிட்டு எழுத்தஞ்சல் ஒன்றைத் தட்டினாள். மூன்று பைசாச் செய்தி.

'படம் வந்ததும் பசிப்பது உங்கள் வயிற்றுக் கோளாறு இல்லை. ஒரு படம் உங்கள் ரத்தத்தில் எண்பது கலோரி தின்கிறது. வேண்டாம் என்று பதில் போடுங்கள். போட்டால் சட்டப்படி நிறுத்தியாக வேண்டும்.'

நாளையிலிருந்து வேலை இருக்காது. தெரிந்துதான் ஆறு மணிக்கு அனுப்பினாள்.

பதில்கள் கொட்டின. வேண்டாம். வேண்டாம். வேண்டாம்டி யம்மா. முதல் நிமிடத்தில் ஒன்பதாயிரம். லிங்கதுரையின் பதிலும் அதில் இருந்தது. எழுத்துக்கு யாரும் அசையமாட்டார்கள் என்று அவளே அறிக்கை எழுதியிருந்தாள். ஐந்தாவது நிமிடத்தில் எழுபதாயிரம். நெஞ்சு விம்மியது. சன்னலைத் திறந்து கீழே பார்த்தாள்.

அவளுக்காகக் காத்திருந்த லிங்கதுரை வாசலில் குத்தவைத்துப் பிடரியைப் பொத்திக்கொண்டிருந்தான். காவலாளியும் பொத்திக்கொண்டிருந்தான். சாலைக்கு அப்பால் சைக்கிளை நிறுத்திவிட்டு ஒருவன் கழுத்தைத் தேய்த்தான்.

திரும்பித் திரையைப் பார்த்தாள். பதில் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் இன்னொரு எண்ணும் அதே வேகத்தில் ஏறிக்கொண்டிருந்தது. பதில் போடுகிற வாடிக்கையாளருக்கு உடனே ஒரு நன்றிப் படம் போக வேண்டும்: நாலு மாதத்துக்கு முன்னால் அவளே எழுதி வைத்த விதி. வேண்டும் என்று வந்தாலும் வேண்டாம் என்று வந்தாலும் இயந்திரத்துக்கு அது பதில்தான். அவளுக்கு அந்த ஞாபகமே வரவில்லை.

மூன்றாவது முயற்சியில்தான் விதியை நிறுத்த முடிந்தது. எண் நின்றது.

வேலை முடிந்து வெறும் வயிற்றோடு வீடு திரும்பிக்கொண்டிருந்த ஒரு லட்சத்துப் பதினோராயிரம் பேருக்கு, ஆளுக்கு எண்பது கலோரி, உலகம்மாள் கடன்பட்டிருந்தாள்.