ஆறடி தள்ளி

அளவு நாடா ஐந்து அடி ஒன்பது அங்குலத்தில் நின்றது.

ஒயர் மறுபடியும் அளந்தான். பிரார்த்தனைக் கூடத்தின் மூன்றாம் வரிசையில், பல் டாக்டரின் நாற்காலிக்கும் தையல்காரம்மாவின் நாற்காலிக்கும் நடுவே மண்டி போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஏதோ குண்டைச் செயலிழக்கச் செய்பவனைப் போல அளந்தான். ஐந்து ஒன்பது. மூன்று அங்குலத்தைக் காணவில்லை.

ஒயர் என்பது அவன் பெற்றோர் வைத்த பெயரல்ல. மைக், விளக்கு, மின்விசிறி என்று சபையில் ஷாக் அடிக்கக்கூடிய எல்லாமே அவன் பொறுப்பு. தோளில் எந்நேரமும் ஒரு வளையம் ஒயர் தொங்கும். யாரோ ஒருநாள் அப்படிக் கூப்பிட, அது ஒட்டிக்கொண்டது. மூன்று வருடத்துக்கு முன், மனநல மருத்துவமனையில் இரண்டு மாதம் இருந்துவிட்டு வெளியே வந்தவனை, என்ன ஏது என்று கேட்காமல் உள்ளே விட்ட இடம் இது ஒன்றுதான். வந்த ஆறாம் மாதம் கூடத்துச் சாவியையே கையில் கொடுத்தார்கள். அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சட்டைப்பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனான்.

நோய் பரவியதும் கூடத்தை மூடச் சொல்லிவிட்டார்கள். சபையை நடத்தும் அக்கா மட்டும் ஞாயிறு காலை பத்து மணிக்கு வந்து மேடையில் நின்று பேசுவார். ஒயர் முன்னால் நின்று கேமராவைப் பிடிப்பான். மற்றவர்கள் வீட்டில் போனில் பார்ப்பார்கள். முதல் வாரம் அக்கா காலி நாற்காலிகளைப் பார்த்தார், வாயைத் திறந்தார், வார்த்தை வரவில்லை. "சுவத்துக்கிட்ட பேசற மாதிரி இருக்கு தம்பி" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதனால் ஒயர் நாற்பது பேரிடமும் புகைப்படம் வாங்கி, பெரிய தாளில் அச்சடித்து, அவரவர் நாற்காலியின் முதுகில், மேடையைப் பார்த்தபடி, மேலும் கீழும் டேப் போட்டு ஒட்டினான். செயலாளருக்கு அதிலும் ஒரு கவலை. "சோதனைக்கு ஆள் வந்தா? படமா இருந்தாலும் ஆறடி தள்ளித்தான் உக்காரணும்." காகித மனிதர்களுக்கும் தொற்று வரலாம் என்று நம்பிய ஒரே சபை உலகத்திலேயே இதுவாகத்தான் இருக்கும்.

மூன்று அங்குலம் என்ன பெரிய விஷயம், கூட்டித் துடைக்கும்போது தள்ளியிருப்போம். நாற்காலியை நகர்த்தி வைத்தான், பூட்டினான், போனான்.

அடுத்த சனிக்கிழமை நான்கு அடிதான் இருந்தது.

அந்த ஒரு ஜோடிக்கு மட்டுமல்ல. நாற்பதும் நடுவை நோக்கி நகர்ந்திருந்தன. ஓரங்களில் அகலமாக வெறும் தரை. உயரத்து ஜன்னல்களிலிருந்து விழுந்த காலை வெயிலில் தூசி சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு வாரம் பூட்டிக் கிடந்த கூடத்தில் அடைபட்ட காற்றின் நெடி அடிக்க வேண்டும். அதற்குப் பதிலாகத் தலைக்குத் தேய்த்த எண்ணெயும் துவைத்துக் காய்ந்த துணியும் லேசான வியர்வையும் கலந்த வாசனை வந்தது. கூட்டம் முடிந்து எல்லாரும் எழுந்து போன பிறகு கொஞ்ச நேரம் நிற்குமே, அந்த வாசனை.

"தள்ளி உக்காருங்கன்னா கேக்க மாட்டீங்களா" என்றான் சத்தமாக. தன் குரல் தனக்கே சிரிப்பை மூட்டும் என்று நினைத்தான். மூட்டவில்லை.

ஒவ்வொன்றாக இழுத்து வைத்தான். தையல்காரம்மாவின் நாற்காலியிடம் வந்தபோது கை தயங்கியது. செயற்கை சுவாசக் கருவியில் பதினொரு நாள் கிடந்து, செவ்வாய்க்கிழமை அவர் போய்விட்டார். அடக்கத்துக்கு நான்கு பேரைத்தான் விட்டார்கள். படத்தைக் கழற்றிவிடச் செயலாளர் சொல்லியிருந்தார். ஒயர் டேப்பின் நுனியை நகத்தால் நெம்பினான், பிறகு அழுத்தி ஒட்டிவிட்டான். அவன் சட்டையில் பொத்தான் அறுந்தால், அவன் கேட்காமலேயே தைத்துக் கொடுத்த கை அது.

தங்கச்சி போன் பண்ணினாள்.

"என்னண்ணா, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"மாஸ்க்கு."

"மாத்திரை போட்டியா?"

"போட்டேன். ரெண்டும் போட்டேன். தண்ணிகூடக் குடிச்சேன், போதுமா."

"கிண்டல் பண்ணாத. மறுபடி ஏதாவது... தோணுதா?"

நாற்காலிகள் நகர்கின்றன என்று சொன்னால் என்ன நடக்கும் என்பது அவனுக்கு மனப்பாடம். அவள் அழுவாள். டாக்டரைக் கூப்பிடுவாள். டாக்டர் மாத்திரையைக் கூட்டுவார். விஷயம் செயலாளர் காதுக்குப் போகும், அவர் ரொம்ப மரியாதையாக வந்து, "நீங்க கொஞ்சம் ஓய்வெடுங்க" என்று சாவியை வாங்கிக்கொள்வார். அதோடு முடிந்தது. வாரத்தில் ஏழு நாள் நான்கு சுவர், ஒரு போன். இந்தச் சாவி போனால் அவன் யாருக்கும் யாருமில்லை.

"ஒண்ணும் தோணல. பசிதான் தோணுது" என்றான்.

மறுநாள் ஞாயிறு. அவன் நாற்காலிகள் பக்கம் பார்க்கவே இல்லை. முதல் வரிசைக்கு முன்னால், மேடையைப் பார்த்து, கேமராவின் சின்னத் திரையில் கண்ணைப் பதித்து நின்றான். அக்கா அன்று அருமையாகப் பேசினார். முகத்தில் அத்தனை தெளிவு. முக்கால் மணி நேரமும் அவன் முதுகில் ஒரு வெதுவெதுப்பு இருந்தது. நெரிசலான பேருந்தில் பின்னால் நிற்பவரின் உடம்பிலிருந்து வருமே, அது. முடிந்ததும் திரும்பாமல் பக்கவாட்டில் நடந்து வெளியேறினான்.

அடுத்த சனிக்கிழமை, பதினொரு மணி வெயிலில் பூட்டைத் திறந்தபோது போன் அடித்தது. அக்கா.

"தம்பி, எனக்குக் காய்ச்சல். நாளைக்கு வர முடியாதுப்பா. வீட்டிலேருந்தே பேசிடறேன்."

"உடம்பைப் பாத்துக்கங்கக்கா."

இருமி முடித்துவிட்டு அவர் சொன்னார். "போன வாரம் நாற்காலியெல்லாம் நெருக்கி வெச்சிருந்தியே, ரொம்ப நல்லா இருந்துச்சு. செயலாளர் திட்டினா நான் பாத்துக்கறேன்."

கதவைப் பிடித்துக்கொண்டான். அக்காவும் பார்த்திருக்கிறார். அப்படியானால் தலை சரியாகத்தான் இருக்கிறது. நெஞ்சிலிருந்து பெரிய மூட்டை ஒன்று இறங்கியது. அது தரையைத் தொடுவதற்குள் அடுத்தது புரிந்தது. தலை சரியாக இருக்கிறது.

"இன்னொண்ணு" என்றார் அக்கா. "உன் படத்தையும் வெச்சிட்டியே, அதுதான் எனக்கு ரொம்ப சந்தோஷம். ஆனா எல்லாரும் மூஞ்சியைக் காட்டினா நீ முதுகைக் காட்டறியே. எங்க போனாலும் குறும்புதான்."

அவன் தன் படத்தை வைக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

"எந்த இடத்துலக்கா?"

"மூணாவது வரிசை. டாக்டருக்கும் தையல்காரம்மாவுக்கும் நடுவுல."

போனைக் காதிலிருந்து எடுத்தான். உள்ளே பார்த்தான்.

ஆறடி இல்லை. நான்கடி இல்லை. நாற்காலிகள் கையோடு கை ஒட்டி நின்றன. மூன்றாவது வரிசையில் மட்டும் ஒன்று கூடுதல். அதன் முதுகில் ஒரு தாள்.

நடந்தான். ஏன் நடந்தான் என்று தெரியவில்லை. அருகில் போனதும் தெரிந்தது. நீலச் சட்டை. தோளில் ஒயர் வளையம். கேமராமேல் குனிந்த முதுகு. ஏதோ ஒரு ஞாயிறு எடுத்த படம்.

மூன்றாவது வரிசையிலிருந்து எடுத்த படம்.

பின்னால் ஒரு சத்தம். பிளாஸ்டிக் கால் தரையில் இழுபடும் சத்தம். ஒன்று. அப்புறம் பத்து. தாமதமாக வந்தவனுக்கு எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் நகர்ந்து கொடுக்கும்போது கேட்கும் சத்தம்.

கதவுப் பக்கம் வழி இல்லை.

இந்தப் பக்கமும் இல்லை.

மூன்று வருடமாக இந்தக் கூடத்தில் நின்றே பழகிய கால்கள். மடங்கின. முதுகுக்குப் பின்னால் தாள் கசங்கியது. முன் நாற்காலி வந்து முழங்காலை முட்டியது. பின் நாற்காலி வந்து முட்டியது. வலப்பக்கம் பல் டாக்டர் சிரித்தார். போன் எங்கோ காலடியில். அக்காவின் குரல், சின்னதாக. "அங்க யாருப்பா அத்தனை பேரு?"

மின்விசிறிகள் ஓடவில்லை. ஜன்னல் ஒன்றுகூடத் திறந்திருக்கவில்லை.

இடப்பக்கம், அவன் தோளோடு தோள் ஒட்டி, தையல்காரம்மாவின் தாள் மெல்ல உப்பியது.

அடங்கியது.

உப்பியது.