எவரெஸ்ட் மதராஸின் கடைசிப் பார்சல்

டைப்பிங் சென்டருக்குள் வந்த சாதிக் பாட்ஷா டோக்கன் எடுக்கவில்லை. காத்திருந்தவர்களைத் தாண்டி நேராக ஜெய்னுலாப்தீனின் மேசை முன்னால் போய் உட்கார்ந்தார்.

"காக்கா, என் எவரெஸ்ட் மதராஸ் ஹோட்டலுக்கு சீல் வெச்சுட்டாங்க. எங்க சாப்பாட்டால ஆளு செத்துட்டாருன்னு சமையக்காரன் தில் பகதூரை போலீஸ் கூட்டிட்டுப் போய் மூணு நாளாச்சு."

ஜெய்னுலாப்தீன் அடித்துக்கொண்டிருந்த வரியை முடித்துவிட்டுத்தான் திரும்பினார். அல் ஐன் கோர்ட்டில் பன்னிரண்டு வருடம் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர் அவர். இப்போது அதே கோர்ட்டுக்கு எதிரே அரபியில் மனு அடித்துக் கொடுக்கிறார். காகிதத்தை நிதானமாகப் படித்தே இரண்டு மூன்று திருட்டுகளைக் கண்டுபிடித்ததால் ஊரில் அவருக்குத் துப்பறிவாளர் என்று ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரில் பாதி, உதவியாளர் பாஸ்கர் டீக்கடை டீக்கடையாகப் பரப்பியது.

"யாரு செத்தது?" என்று கேட்டார்.

"கார்மேகம்னு ஒரு ஆளு. கம்பி கட்டுறவரு. ஞாயித்துக்கிழமை எங்க கடை மோமோவைச் சாப்பிட்டு ரூம்ல இறந்துட்டாராம். சிக்கன் கெட்டுப்போச்சுன்னு கேஸு. வல்லாஹி காக்கா, மோமோ பாத்திரம் ரெண்டு மணிக்கு மேலதான் அடுப்புல ஏறும். அதுவரைக்கும் மீல்ஸ் கூட்டம், அடுப்பு ஒண்ணுகூட காலி இருக்காது. ரெண்டு மணிக்கு மேல ஆவி பறக்க எடுத்துக் கொடுக்குறது எப்படிக் கெட்டுப்போகும்? அந்த நேபாளி பத்து வருஷமா என்கிட்ட இருக்கான். அவன் கைச் சாப்பாட்டை என் புள்ளைங்களும் சாப்பிடுது."

பாஸ்கருக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. "பாய், வெள்ளிக்கிழமையானா நானும் அங்கதான். ஒரு பக்கம் நேபாளி செக்யூரிட்டி ஆளுங்க பருப்பும் சோறும் சாப்பிடுவாங்க, ஒரு பக்கம் நம்ம ஆளுங்க பரோட்டா. மோமோவுக்கு ஒரு சட்னி குடுப்பாங்க பாருங்க! நேபாளத்துலேர்ந்து திமூர்னு ஒரு மிளகு வருது. ரெண்டு வாய் உள்ள போச்சுன்னா நாக்கு மரத்துரும். உதட்டைக் கடிச்சாக்கூடத் தெரியாது. கார்மேகம் அண்ணனையும் அங்க பார்த்திருக்கேன். தட்டு வந்ததும் மொதல்ல சட்னியைத்தான் எடுப்பாரு, விரல்ல தொட்டு கன்னத்துக்குள்ள வெச்சுக்குவாரு. எல்லாரும் சிரிப்போம்."

"சிரிச்சது போதும். பேப்பரைக் கொடுங்க" என்றார் ஜெய்னுலாப்தீன்.

சாதிக் பாட்ஷா கொண்டுவந்த போலீஸ் நகல் அரபியில் இருந்தது. ஜெய்னுலாப்தீன் அதைப் படித்துத் தமிழில் சொன்னார். சூப்பர்வைசர் அருள்ராஜின் வாக்குமூலம் அது. மதிய இடைவேளை பன்னிரண்டரைக்கு ஆரம்பித்ததும் கார்மேகம் கடையில் பார்சல் வாங்கிக்கொண்டு ரூமுக்குப் போனார். ஒரு மணிக்குச் சாப்பிட்டார், வயிறு வலிக்கிறது என்று படுத்தார். மூன்று மணிக்கு வேலைக்குக் கூப்பிடப் போனபோது உயிர் இல்லை. ரூமில் எடுத்த பொருட்கள்: அலுமினியப் பெட்டி ஒன்று, அதில் மூன்று மோமோ. சிவப்புச் சட்னி நிறைந்த சிறு பிளாஸ்டிக் பை ஒன்று, முடிச்சுப் போட்டது. தண்ணீர் பாட்டில் ஒன்று.

"டாக்டர் என்ன எழுதியிருக்காரு?" என்று பாஸ்கர் ஜெய்னுலாப்தீனிடம் கேட்டான்.

"உணவு நஞ்சாக இருக்கலாம்னு எழுதியிருக்காரு. இருக்கலாம், அவ்வளவுதான். பாடியை அறுத்துப் பார்க்கல. கம்பெனி நாளைக்கு மதிய ஃப்ளைட்டுக்கு டிக்கெட் போட்டாச்சு."

"பாடி போயிட்டா?"

"அப்புறம் பார்சல் மட்டும்தான் சாட்சி. ஆகஸ்ட் மாசத்துல பூட்டின ரூம்ல சாயங்காலம் வரைக்கும் கிடந்த கோழி. லேப்ல கெட்டதுன்னுதான் வரும். தில் பகதூர் உள்ளேயே கிடக்க வேண்டியதுதான்."

சாதிக் பாட்ஷா முகத்தைத் துடைத்துக்கொண்டார். இறந்தவர்களை ஊருக்கு அனுப்பும் படிவங்களை ஜெய்னுலாப்தீன் எத்தனையோ அடித்திருக்கிறார். முதல் சில படிவங்களை அடித்துவிட்டு வெளியே போய் நின்றார். இப்போது பெயர், பாஸ்போர்ட் எண், ஊர் என்று மூன்று கட்டங்கள், அவ்வளவுதான். கார்மேகத்தின் பெயரைப் படித்தபோதும் அவருக்கு எதுவும் தோன்றவில்லை. தோன்றவில்லையே என்பது மட்டும் தோன்றியது.

"கேம்ப்புக்குப் போவோம்" என்று எழுந்தார். "நீங்களும் வாங்க, சாதிக்."

சனாயா தொழிற்பேட்டையில் இருந்த அந்தக் கேம்ப்பில் ஒரு ரூமுக்கு ஆறு கட்டில். ஐந்து காலி. ஆறாவதில் முகம்மது ரிபாய் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார். கார்மேகத்தோடு நான்கு வருடம் ஒரே ரூமில் இருந்தவர், ஆனால் வேலை வேறு சைட்டில். ஆட்களைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தார். அழுத முகமும் இல்லை, தூங்கிய முகமும் இல்லை.

கார்மேகத்தின் கட்டிலுக்கு மேல் ஒரு பலகை. அதில் ஷேவிங் செட்டும் மனைவி மாரியம்மாளின் போட்டோவும் கிராம்புத் தைல பாட்டில்கள் இரண்டும் இருந்தன. இரண்டு பாட்டிலும் காலி.

"இது எதுக்கு?"

"பல்லு, பாய். கீழ்க்கடைவாய்ப் பல்லு. ரெண்டு மாசமா உயிரை வாங்குச்சு. லீவு கேட்டா அடுத்த வாரம் அடுத்த வாரம்னு இழுத்தாங்க. தைலம் தீர்ந்ததும் எவரெஸ்ட் சட்னிதான் அவருக்கு மருந்து. அதை வெச்சு, அந்தப் பக்கம் மரத்துப்போனாத்தான் எதையும் மெல்லுவாரு. இல்லேன்னா கஞ்சித்தண்ணிதான்."

"ஞாயித்துக்கிழமை அவர்கூட வேலை பார்த்தவங்க எங்க?"

"ரெண்டு பேரு, பெஷாவர்காரங்க. மறுநாளே அபுதாபி சைட்டுக்கு ஏத்தி விட்டுட்டாங்க."

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. விஷயம் தெரிந்து அருள்ராஜே வந்துவிட்டார். நாகர்கோவில்காரர், நாற்பது வயதிருக்கும். கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கியது.

"என்ன பாய், போலீஸ் எல்லாம் முடிச்சாச்சே? பாடியும் நாளைக்குப் போகுது. கலாஸ். அப்புறம் என்னத்துக்கு இந்தப் புள்ளைகள தொந்தரவு பண்ணுதீய?"

"ஒரு சந்தேகம். உக்காருங்க" என்றார் ஜெய்னுலாப்தீன். தானும் எதிர்க்கட்டிலில் உட்கார்ந்தார். சாதிக் பாட்ஷா கதவோரம் நின்றார். பாஸ்கர் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டான். எழுத இன்னும் ஒன்றுமே இல்லை, ஆனாலும் அவனுக்கு அப்படி ஒரு அவசரம்.

"பன்னிரண்டரைக்கு கார்மேகம் மோமோ வாங்கினார்னு சொல்லியிருக்கீங்க."

"ஆமா."

"சாதிக், அந்த நேரத்துல உங்க கடையில மோமோ உண்டா?"

"ஏது? ரெண்டு மணிக்கு மேலதான்."

அருள்ராஜ் சட்டென்று, "டயம் முன்னப்பின்ன இருக்கும். நான் என்ன வாட்சைப் பார்த்துட்டா நிக்கேன்?" என்றார்.

"சரி, ரெண்டு மணின்னே வெச்சுக்குவோம். பல்லுவலி ஆளு பத்து மோமோ பெட்டியைப் பிரிச்சு ஏழைத் தின்னிருக்காரு. ஆனா சட்னிப் பையில முடிச்சு போட்டபடி இருக்கு. போலீஸ் லிஸ்ட்லயே இருக்கு, நிறைஞ்ச பைன்னு. பாஸ்கர், கார்மேகம் மொதல்ல எதை எடுப்பாரு?"

"சட்னியை! பாய், அப்போ அவரு அந்த பார்சலைத் தொடவே இல்ல!" பாஸ்கர் கிட்டத்தட்டக் கத்தினான்.

"தொடல. சட்னி இல்லாம அவரால ஒரு வாய் மெல்ல முடியாது. இது ரிபாய்க்குத் தெரியும், கடையில சாப்பிடுறவங்களுக்குத் தெரியும். கூட உக்காந்து ஒரு வேளைகூடச் சாப்பிடாத ஆளுக்குத்தான் தெரியாது. அந்த ஆளு ரெண்டு மணிக்கு மேல பார்சல் வாங்கியிருக்காரு, ஏழு மோமோவைத் தூக்கிப் போட்டுட்டு மீதியை இங்க வெச்சிருக்காரு. செத்த ஆளுக்கு எதுக்குச் சாப்பாடு வாங்கணும்? அவரு எங்க செத்தாருங்கிறதை மறைக்கணும், அதுக்குத்தான். பன்னிரண்டரையிலேர்ந்து மூணு வரைக்கும் வெயில்ல வேலை வாங்கக்கூடாதுன்னு சட்டம். அன்னைக்கு வேலையை நிறுத்தினீங்களா, அருள்ராஜ்?"

அருள்ராஜ் கழுத்து அட்டையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். ரிபாய் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை, அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

"மறுநாள் காலையில இன்ஸ்பெக்‌ஷன்" என்றார் கடைசியில். "கம்பி கட்டி முடிச்சே ஆவணும்னு என்ஜினியர் போன் மேல போன். மூணு பேரை மட்டும் வேலைக்கு நிறுத்தி வெச்சேன். ஒன்றரைக்குக் கார்மேகம் கம்பி மேலயே சரிஞ்சுட்டாரு. தண்ணி ஊத்துனேன் பாய், சத்தியமா ஊத்துனேன். பிக்கப்புல போட்டு இங்க கொண்டாரதுக்குள்ள போயிட்டாரு. ரூம்ல சாப்பிட்டுட்டு செத்ததா இருக்கட்டும்னு ஆபீஸ்ல சொன்னாவ. நான்தான் பார்சல் வாங்கினேன். சமையக்காரனைப் பிடிப்பாவன்னு நெனைக்கல."

"பிடிச்சு மூணு நாளாச்சு. அப்பவும் நீங்க வாயைத் திறக்கலையே?"

"எனக்கும் ரெண்டு பொம்பளைப் புள்ளைக இருக்கு பாய்."

ஜெய்னுலாப்தீன் அவரை எழுப்பித் தன்னோடு வண்டியில் ஏற்றிக்கொண்டார். மூன்றரை மணிக்குள் மனு தயாராகிவிட்டது. அருள்ராஜ் கையெழுத்துப் போட்டார். மாலையில் வழக்கு அதிகாரி சவப்பெட்டியை விமானத்தில் ஏற்ற வேண்டாம் என்று உத்தரவிட்டார். இரண்டு நாளில் பரிசோதனை அறிக்கை வந்தது. வயிற்றில் உணவு எதுவும் இல்லை. சாவுக்குக் காரணம் வெப்பத் தாக்கு.

தில் பகதூர் வெளியே வந்ததும் சாதிக் பாட்ஷா அவரைக் கட்டிப்பிடித்து அழுதார். தில் பகதூர் அழவில்லை. கடைச் சாவி எங்கே என்று கேட்டார், அடுப்பைத் துடைக்க வேண்டும் என்றார்.

மறுநாள் காலை டைப்பிங் சென்டருக்கு முதுகுளத்தூர் பக்கமிருந்து ஒரு போன் வந்தது. எடுத்த பாஸ்கர், "மாரியம்மாளாம்" என்று ரிசீவரை நீட்டினான்.

"ஐயா, ரிபாய் நம்பர் குடுத்தாரு. நீங்கதான் அந்த மனு எழுதுனவுகளா?"

"ஆமாம்மா."

"அன்னைக்கு அந்தச் சூப்பர்வைசர் போன்ல சொன்னாக. கோழிக்கறி வெச்ச பலகாரம் வயிறு நெறைய சாப்ட்டுட்டு, படுத்த மானைக்கு போயிட்டாருன்னு. அதைச் சொல்லித்தான் எம்மக்களை ஆத்திக்கிட்டு இருந்தேன். ரெண்டு மாசமா சரியாச் சாப்புடலைன்னு லெட்டர் போட்டிருந்தாரு. கடைசியிலயாவது சாப்ட்டாரேன்னு இருந்துச்சு. இப்ப ஆஸ்பத்திரி பேப்பர்ல வேற மாதிரி இருக்காமே?"

ஜெய்னுலாப்தீன் கண்ணாடியைக் கழற்றினார். ஒரு பொய் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அதைச் சொன்னால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அறிக்கையின் மொழிபெயர்ப்பு, அவருடைய கையெழுத்தோடு, இன்னும் ஒரு வாரத்தில் அந்த வீட்டுக்குப் போய்ச் சேரும்.

"ஆமாம்மா. அவர் அன்னைக்கு எதுவும் சாப்பிடல."

பின்னால் எங்கோ கோழி கூவியது, யாரோ குடத்தை இறக்கி வைத்தார்கள்.

"அந்தச் சமையக்காரரை விட்டுட்டாகளா?" என்று கேட்டாள் மாரியம்மாள்.

"விட்டுட்டாங்கம்மா."

"சரிங்கய்யா" என்றாள். போனை வைத்துவிட்டாள்.