பதினேழு ஆலாக்கள்

முந்தானையில் பொதிந்து கொண்டுவந்ததைச் சர்புன்னிசா ராமாமிர்தத்தின் மேசைமேல் வைத்தாள். செத்த ஆலா. கடலுக்குமேல் அத்தனை தூரம் பறந்து வந்த பறவை கையில் கனக்கவே இல்லை.

"முதுநகர்க் கரையில இது மாதிரி பதினேழு கெடக்கு சார்," என்றான் அவள் தம்பி குலாம் முகம்மது. துப்பு என்றால் அவனுக்குச் சோறு வேண்டாம்.

சுங்க இலாகாவில் ஓய்வு பெற்ற ராமாமிர்தம் பறவையின் நெஞ்சை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"நடுக்கடல்ல பொயல் அடிச்சிதான் செத்திருக்குன்றாங்க," என்றாள் அவள். மரம் ஏற்ற அந்தமான் போன தோணியில் அவள் கணவன் நைனா முகம்மது இருந்தான். திரும்ப வேண்டிய நாள் கடந்து பன்னிரண்டு நாளாகிவிட்டது. மாமியார் வீட்டில் அழுகை தொடங்கிவிட்டது.

"பொயல்னு மொதல்ல சொன்னது யாரும்மா?"

"வலைக்கார அய்யனாரு."

மூவரும் கரைக்குப் போனார்கள். அது தை மாதம், 1963. நூல் மக்காமலிருக்க வலையைச் சாயம் தோய்க்கிறவர்களின் கைகளெல்லாம் பனிச்சங்காய்ச் சாற்றில் கறுத்திருந்தன. அய்யனார் மட்டும் வெளுத்த கையோடு நின்றான். ராமாமிர்தம் மணலில் உட்கார்ந்து, ஒவ்வொரு ஆலாவின் கழுத்திலும் இறகை ஒதுக்கிப் பார்த்தார். ஒன்றின் வயிற்றைப் பேனாக்கத்தியால் கீறினார்.

"எவனோ வெஷம் வச்சிருக்கான் சார்," என்றான் குலாம்.

"வெஷம் வச்சவன் கழுத்துல கோடு கிழிக்க மாட்டாம்பா. பொயல்ல மாட்டுற பறவை நாள்கணக்கா பட்டினி கெடக்கும், நெஞ்செலும்பு துருத்திக்கும். இது கொழுத்திருக்கு. வயித்துல செதில் உதிராத மத்தி. கழுத்துல நூல் அறுத்த தடம். காத்துக்கு ஏதுய்யா நூலு? அய்யனாரே, எல்லாரும் வலை தோய்க்கிறாங்க. நீ ஏன் தோய்க்கல?"

அய்யனார் தலை கவிழ்ந்தான். "புது நைலான் வலை சார். மக்காத நூலுக்குச் சாயம் எதுக்குன்னு உட்டுட்டேன். தண்ணியில அது கண்ணுக்கே தெரியல. மீனப் பாத்துப் பாய்ஞ்சதெல்லாம் மாட்டி மூழ்கிடிச்சி. ஆலா வட்டம் போடற எடத்துலதான் எங்களுக்கு மீனு. அதப் போய்க் கொன்னுட்டேன்னு எப்படி வெளிய சொல்றது? கடல்லயே உட்டேன். அலை கொண்ணாந்து போட்டுடிச்சி. இவங்க வந்து கேக்கவும் பொயல்னுட்டேன்."

"நீ சொன்னத நம்பி அவங்க வீட்டுல ஒரு உசுரு போச்சுன்னே அழுதுட்டாங்கய்யா," என்றார் ராமாமிர்தம்.

"அப்ப பொயல் அடிக்கல?" என்றாள் சர்புன்னிசா.

"இந்தப் பறவைங்க பொயலப் பாக்கலம்மா. அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும். தோணி எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாது."

"அது போதும் சார்."

பறவைகளை ஒவ்வொன்றாக எடுத்து அவளே மணலில் குழிதோண்டிப் புதைத்தாள். ஆலாக்கள் வந்து இறங்கிய சில நாளில் தோணியும் வந்துவிடும், வருஷா வருஷம். இப்போது வானத்தில் ஒன்றுகூட இல்லை.

"வீட்டுக்குப் போலாம் லாத்தா," என்றான் குலாம் அக்காவிடம்.

"நீ போயி மாமிய அழ வேணாம்னு சொல்லு. நான் இப்பிடிக் கொஞ்சம் ஒக்காந்திருக்கேன்."

அவள் கிழக்கே பார்த்து உட்கார்ந்தாள்.