நாற்பத்தோரு லட்சம் ஆணிகள்

காலை ஆறு மணி அறிவிப்பு வழக்கம்போல் வந்தது. பத்து முதல் பன்னிரண்டு வரை சி பிளாக்கில் வாசனை இருக்காது. பிற்பகலில் டி பிளாக்குக்குக் காரம் கிடையாது. மூட்டுவலி மாலை ஐந்து மணிக்கு எல்லா பிளாக்குகளுக்கும் ஒரு மணி நேரம் வழங்கப்படும். அறிவிப்பு முடிவதற்குள் சி பிளாக்கில் அவசர அவசரமாக ரசம் தாளித்து, மணம் இருக்கும்போதே சாப்பிட்டுத் தொலையும்படி வீட்டிலிருந்தவர்களை விரட்டிக்கொண்டிருந்தார்கள்.

மூட்டுவலியை எதற்கு வழங்க வேண்டும் என்று தோன்றலாம். முதலில் அதைத்தான் அடியோடு நிறுத்தினார்கள். ஒரே வாரத்தில் மூத்த பயணிகள் திரண்டு வந்துவிட்டார்கள். வலி போனதில் சந்தோஷம்தான், ஆனால் மாலையில் பூங்காவில் உட்கார்ந்தால் பேசுவதற்கு ஒன்றுமில்லை என்றார்கள். அதுவும் நியாயம்தானே என்று பயணிகள் நலச் சங்கம் ஒரு மணி நேரத்தைத் திருப்பிக் கொடுத்தது.

கப்பலின் பெயர் வைகறை. உண்மையான வெளியில் நின்று பார்த்தால் அது தேங்காய் அளவில் ஒரு கறுப்புப் பெட்டி, அவ்வளவுதான். அதற்குள் மூவாயிரம் பேர், எட்டு பிளாக்குகள், ஒரு பூங்கா, ஒரு பிள்ளையார் கோயில், ஒரு தேவாலயம். எல்லோரும் உடம்பைப் பூமியில் விட்டுவிட்டு, எண்களாக மாறி ஏறியவர்கள். இந்த வகைக்குக் கணிக்கப்பல் என்று பெயர். பெட்டிக்குள் இருந்த கணிவலு, அதாவது கணக்கிடும் சக்தி, அளவோடுதான் இருந்தது. ரசத்தின் மணம், பூங்காவில் பெய்யும் மழை, மருமகளின் கோபம் எல்லாவற்றையும் நொடிக்கு நொடி அதுவே கணக்கிட்டுக் கொடுக்க வேண்டும். ஓர் இடத்தில் கூட்டினால் இன்னோர் இடத்தில் குறையும்.

கப்பலுக்கு வெளித்தோற்றமும் ஒன்று உண்டு. மூன்று கிலோமீட்டர் நீளம் என்று ஏட்டளவில் ஒரு பெருமை. ஆனால் வெளியே இருட்டைத் தவிர ஒன்றுமில்லை, பார்ப்பதற்கு ஆளுமில்லை. எனவே அதை உரித்த முட்டைபோல வழவழவென்று விட்டுவைத்திருந்தார்கள். முட்டையைப் பராமரிக்கும் பொறுப்பு தோற்றப் பிரிவைச் சேர்ந்தது. தோற்றப் பிரிவு என்றால் தணிகாசலம் என்ற ஒருவர்தான். கப்பலின் மேனி எப்படி இருக்க வேண்டும், பயணிகளின் கண்ணுக்கு எது எவ்வளவு துல்லியமாகப் போய்ச் சேர வேண்டும், இரண்டையும் அவர் ஒருவரே கவனித்துக்கொண்டார். புகாரே வராத வேலை.

அந்த நிம்மதிக்கு முடிவு கட்டியது நெய்தல்.

நெய்தலும் ஒரு கணிக்கப்பல். இரண்டு கப்பல்களில் இருந்தவர்களும் பூமியில் ஒரே அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழ்ந்தவர்கள். கார் நிறுத்துகிற இடம் யாருக்குச் சொந்தம் என்ற தகராறில் இரண்டாகப் பிரிந்து, பூமியை விட்டுக் கிளம்பும்போதுகூடத் தனித்தனியாகத்தான் கிளம்பினார்கள். இரண்டு கப்பல்களிலும் ஒரு கார்கூட இல்லை. எழுபது வருடங்களுக்குப் பிறகு இப்போது இரண்டு பாதைகளும் நெருங்கி வந்தன. கணிக்கப்பல்கள் அருகில் வரும்போது தங்கள் உருவத்தை எண்களாக ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொள்ளும். அனுப்பிய உருவம் மற்றதன் ஜன்னலில் தெரியும். இதைக் கடப்பு என்பார்கள். இன்னும் நான்கு மாதத்தில் கடப்பு.

பயணிகள் நலச் சங்கத் தலைவர் நாச்சியப்பன் தணிகாசலத்தை அழைத்தார். செயலாளர் எஸ்தர் ராஜமணியும் உடன் இருந்தார். மேசைமேல் வைகறையின் சிறிய உருவம் கத்தரிக்காய் அளவில் மிதந்துகொண்டிருந்தது.

"இப்படியே போய் நின்னா என்ன நினைப்பாங்க?" என்றார் நாச்சியப்பன்.

"முட்டைன்னு நினைப்பாங்க சார்."

"அதான் சொல்றேன். ஆணி வேணும், ஏணி வேணும், குழாய், கம்பி, கதவு எல்லாம் வேணும். பார்த்தவுடனே பெரிய இடம்னு தெரியணும்."

தணிகாசலம் தன் தொழிலின் சூட்சுமத்தை எடுத்துச் சொன்னார். பொடி வேலைப்பாடு இருந்தால்தான் ஒரு பொருள் பெரிதாகத் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் எல்லா இடத்திலும் நிரப்பினால் கண் திணறிப் போகும். நடுநடுவே வெற்றிடம் விட வேண்டும். அதோடு, எதிர்க் கப்பல் எட்டு கிலோமீட்டருக்குள் வரப்போவதில்லை. அந்தத் தூரத்துக்கு நாலாயிரம் ஆணி தாராளம்.

"தொலைநோக்கி வச்சுப் பார்ப்பாங்க," என்றார் எஸ்தர். "அந்த பிளாக் ஆளுங்களை எனக்குத் தெரியும். துணி காயப்போட்டா என்ன துணின்னு எட்டிப் பார்த்தவங்க."

"எத்தனை ஆணி வரும்?" என்று கேட்டார் தலைவர்.

"முழுசா அடிச்சா நாற்பத்தோரு லட்சம்."

"அடிங்க. ஒவ்வொரு ஆணி தலையிலயும் வெட்டு தெரியணும்."

"கொஞ்சம் துருவும் போட்டாதான் சார் நிஜம்னு நம்புவாங்க."

"துருவா? கௌரவமா இருக்காதே." நாச்சியப்பன் யோசித்தார். "சரி, நல்ல துருவாப் போடுங்க."

இத்தனைக்கும் கணிவலு வேண்டுமே. வாசனையிலும் காரத்திலும் வெட்டியது போதவில்லை. கடப்பு முடியும்வரை இருநூறு பேரை உறையவைப்பது என்று சங்கம் தீர்மானித்தது. உறையவைத்தல் என்றால் தூக்கம்தான், வலிக்காது. எழுப்பும்போதுதான் கொஞ்சம் சிக்கல். முன்பு உறையவைத்தவர்களில் பத்தில் ஒருவர் எதையாவது தொலைத்துவிட்டுத்தான் எழுந்தார். ஒருவருக்குப் புதன்கிழமை போய்விட்டது. செவ்வாய்க்கு அடுத்தது வியாழன் என்று இன்றைக்கும் சாதித்துக்கொண்டிருக்கிறார். வங்கியில் வேலை பார்த்த இன்னொருவர் தன் மனைவியை மறந்துவிட்டார். நடிக்கிறார் என்று சந்தேகப்பட்டு அந்த அம்மாள் ஒரு மாதம் சோதித்துப் பார்த்தார். நடிப்பில்லை.

சீட்டுக் குலுக்கியதில் தணிகாசலத்தின் மனைவி கோமளவல்லியின் பெயர் விழுந்தது.

"தூங்கத்தானே சொல்றாங்க," என்றார் கோமளம் அன்று மாலை, மூட்டைத் தடவியபடி. மூட்டுவலி நேரம் அது. "பூமியில நீங்க விட்ட குறட்டைக்கு அப்பவே யாராவது என்னைத் தூங்க வச்சிருந்தா கோயில் கட்டியிருப்பேன்."

தணிகாசலம் தைலத்தை எடுத்து நீட்டினார்.

"ஏங்க, எந்திரிச்சதும் உங்களைப் பார்த்து யார் நீங்கன்னு கேட்டா என்ன பண்ணுவீங்க?"

இதற்கு நல்ல பதில் ஒன்று அவர் வாய்வரை வந்தது. மற்ற நாளாக இருந்தால் சொல்லி, கரண்டியால் ஓர் அடியும் வாங்கியிருப்பார். அன்று அதை விழுங்கிவிட்டு, எழுந்து நேராகத் தலைவர் வீட்டுக்குப் போனார்.

நாச்சியப்பன் கல்நெஞ்சர் அல்ல. முழுவதும் கேட்டுக்கொண்டார். "யாரையும் உறையவைக்கணும்னு எனக்கு ஆசையா? வேற எங்கயாவது கணிவலு மிச்சம் பிடிச்சுக் காட்டுங்க, உறையவைக்கிறதை நிறுத்திடலாம். ஆனா ஆணி ஒண்ணுகூடக் குறையக் கூடாது."

கப்பலில் எது எவ்வளவு கணிவலுவைத் தின்கிறது என்று தணிகாசலம் தேடினார். அதிகம் தின்றது பார்வை. மூவாயிரம் ஜோடிக் கண்களுக்கும் பூங்காவின் ஒவ்வோர் இலையும் தனித்தனியாகத் தெரிந்துகொண்டிருந்தது. அந்த இலைகளை யாராவது பார்க்கிறார்களா என்று இரண்டு நாள் பூங்காவில் உட்கார்ந்து கவனித்தார். ஒருவரும் பார்க்கவில்லை. எல்லோரும் முட்டியைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாளிலிருந்து, பத்தடிக்கு அப்பால் உள்ள எல்லாவற்றின் துல்லியத்தையும் தினம் ஒரு சிட்டிகை குறைக்க ஆரம்பித்தார். சாப்பாட்டுத் தட்டு, மனைவியின் முகம், செய்தித் திரை ஆகியவை பத்தடிக்குள் அடங்கிவிட்டன. அதற்கு மேல் உலகம் மெல்ல மெல்லக் கரைந்தது. வயசாகிவிட்டது என்று பயணிகள் முடிவு செய்தார்கள். எண்களுக்கு வயதாகாது என்பது அவர்களுக்கே தெரியும். இருந்தாலும் ஏ பிளாக்கில் மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்று திறந்தது. கண்ணாடி போட்டவர்கள் எல்லாம் இப்போது பளிச்சென்று தெரிகிறது என்றார்கள். கண்ணாடியில் ஒன்றும் இல்லை, வெறும் சட்டம்தான்.

மூன்றாம் மாதம், உறையவைக்கும் நாள் வருமுன்பே, இருநூறு பேருக்கும் விடுதலை அறிவிக்கப்பட்டது.

"எங்கேருந்து இவ்வளவு மிச்சம் பிடிச்சீங்க?" என்று எஸ்தர் கேட்டார்.

"யாருக்கும் உபயோகமில்லாம வீணாப் போயிட்டிருந்தது மேடம். அதை நிறுத்தினேன்."

கோமளம்தான் கண்டுபிடித்தார். "எதிர்வீட்டு வாசல்ல கோலம் இருக்கா இல்லையான்னே தெரியல. பக்கத்துல போனா நல்லாத் தெரியுது. என்ன பண்ணி வச்சிருக்கீங்க?" அவரிடம் மறைத்துப் பழக்கமில்லாததால் தணிகாசலம் எல்லாவற்றையும் சொன்னார்.

கோமளம் கொஞ்ச நேரம் கணவரையே பார்த்தார். பத்தடிக்குள்தான் இருந்தார். பிறகு கேட்டார்: "அப்ப, கடப்பு அன்னைக்கு அந்தக் கப்பல் எப்படிங்க தெரியும்?"

தணிகாசலம் அதை யோசிக்கவே இல்லை. தம் கப்பல் பிறர் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று மூன்று மாதமாக மண்டையைக் குடைந்துகொண்டிருந்தவருக்கு, பிறர் கப்பலைத் தாங்களும் பார்ப்போம் என்பது தோன்றவில்லை. அன்றைக்கு மட்டும் பார்வையைத் திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை. அன்றைக்குத்தானே நாற்பத்தோரு லட்சம் ஆணிகளும் வெளியே நிற்க வேண்டும். ஆணி அல்லது கண், இரண்டில் ஒன்றுதான். விஷயம் வெளிப்பட்டால் அவர் வேலை போகும். கோமளம் அன்றே உறையப் போவார், அபராதமாகத் தணிகாசலமும் போவார். எழும்போது யார் யாரை மறந்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது.

கடப்பு நாள் வந்தது. பட்டுப்புடவையும் வேட்டியுமாக மூவாயிரம் பேர் பார்வை மாடத்தில் கூடினார்கள். வெளியே வைகறை ஆணியும் ஏணியும் நல்ல துருவுமாக ஜொலித்துக்கொண்டிருந்தது. தணிகாசலம் பின்வரிசையில் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நெய்தல் ஜன்னலுக்கு வந்தது. ஈரக் கட்டைவிரலால் தேய்த்துவிட்ட சாம்பல் கறைபோல இருந்தது.

நாச்சியப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். மறுபடியும் கழற்றினார். "எனக்குக் கொஞ்சம் மங்கலா..." என்று யாரோ ஆரம்பித்தார்; "பேசாம இருங்க, மானம் போகுது" என்று அவர் மனைவி அடக்கினார். தணிகாசலம் கண்ணை மூடிக்கொண்டார்.

"இவ்வளவுதானா?" என்றது தலைவரின் குரல்.

"ஒரு ஆணிகூட இல்லையே சார்," என்றார் எஸ்தர். அந்தக் குரலில் எழுபது வருடத் தாகம் தணிந்திருந்தது.

"நான் அப்பவே சொல்லல? அவங்களுக்கு அவ்வளவுதான் வக்கு."

மாடம் முழுக்கச் சிரிப்பு பரவியது. நான்கு மாதமாக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த மூவாயிரம் பேரும் ஒருசேர மூச்சு விட்டார்கள். தணிகாசலம் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. கோமளம் அவர் கையை இழுத்து, "நிமிர்ந்து நில்லுங்க, சிரிங்க" என்று காதில் சொன்னார். தணிகாசலம் சிரித்தார்.

அப்போது நெய்தலின் சங்கத்திலிருந்து செய்தி வந்தது. எஸ்தர் உரக்கப் படித்தார். "அன்புடையீர், உங்கள் கப்பலைக் கண்டோம். மனம் கனத்தது. பழைய கசப்புகளை மறந்து சொல்கிறோம்: இவ்வளவு சிரமத்தில் இருப்பீர்கள் என்று நாங்கள் நினைக்கவில்லை. எங்களிடம் உபரியாக உள்ள கணிவலுவில் கொஞ்சம் அனுப்பட்டுமா? ஓர் ஏணியாவது வைத்துக்கொள்ளலாம்."

"இவனுங்களுக்கெல்லாம் கண்ணு அவிஞ்சா போச்சு?" என்றார் நாச்சியப்பன்.

தணிகாசலம் மெல்ல நழுவித் தன் அறைக்குப் போனார். நெய்தல் அனுப்பிய உருவம் அங்கே வந்து சேர்ந்திருந்தது. அதைக் கத்தரிக்காய் அளவில் மேசைமேல், முகத்துக்கு நேராக வைத்தார். ஐம்பத்தாறு லட்சம் ஆணிகள். துரு பிரமாதம். கதவுப் பிடிகளில் நிறைய கைகள் பட்டுத் தேய்ந்த பளபளப்பு இருந்தது. அந்தக் கதவுகளை ஒரு கையும் தொட்டதில்லை. இரண்டு கப்பல்களிலும் எதிர்க் கப்பலை உள்ளபடி பார்த்த கண்கள் தம்முடையவை மட்டும்தான் என்று நினைத்தார். அப்படியும் இல்லை. மேசை ஓரத்தில் ஒரு சிறு செய்தி மின்னியது. நெய்தலின் தோற்றப் பிரிவிலிருந்து யாரோ ஒரு பெண் அனுப்பியிருந்தாள்.

"உங்க கப்பலை இப்பதான் மேசையில வச்சுப் பார்த்தேன். துரு ரொம்ப அழகு. நீங்க யாரைக் காப்பாத்துனீங்க?"

"மனைவியை. நீங்க?"

"அப்பாவை. சீட்டு அவருக்கு விழுந்துச்சு. இப்ப உங்க கப்பலைப் பார்த்துச் சிரிச்சுட்டு இருக்கார்."

கடப்பு முடிந்தது. ஆணிகள் கழன்றன, கண்கள் திரும்பின. எதிர்வீட்டுக் கோலத்தில் ஒரு புள்ளி விட்டுப்போயிருப்பது கோமளத்துக்குத் தன் வாசலிலிருந்தே தெரிந்தது. மூக்குக்கண்ணாடிக் கடை மட்டும் நன்றாக நடந்தது.

அடுத்த கூட்டத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்திப் பேசி, சங்கம் ஒருமனதாகத் தீர்மானித்தது. ஒன்பது வருடம் கழித்து வேறொரு குடியிருப்பின் கப்பலுடன் கடப்பு வருகிறது. நாற்பத்தோரு லட்சம் போதவில்லை என்பது நிரூபணமாகிவிட்டது. இரண்டு மடங்கு வேண்டும்.

"கண்ணுக்குத் தெரியற மாதிரி அடிங்க," என்றார் நாச்சியப்பன்.

"யார் கண்ணுக்கு சார்?"

"என்ன கேள்வி இது? அடுத்தவங்க கண்ணுக்குத்தான்."

வீட்டில் கோமளம் தட்டு வைத்தார். ரசத்தில் வாசனை இருந்தது. விஷயத்தைக் கேட்டு அவர் பதறவில்லை. "இந்தத் தடவை எதைக் குறைப்பீங்க?"

"காதை."

"மூவாயிரம் பேருக்கும் காது கேக்கலன்னா கண்டுபிடிச்சிட மாட்டாங்களா?"

தணிகாசலம் ரசத்தை ஒரு வாய் உறிஞ்சினார்.

"நீ சங்கக் கூட்டத்துக்கு வந்ததே இல்லையே," என்றார்.