எஞ்சின் நின்ற பிறகும் தட்டல்!

செல்போன் அலறியது.

லம்பா லைன் சரிவின் உச்சியில் இருந்த அந்த ஒர்க்‌ஷாப்பில், ஒரு வேனுக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. அசைவே இல்லை.

பயப்படாதீர்கள், பிணமல்ல. நீலாவதி!

வயது நாற்பத்தைந்து. நிக்கோபாரில் கட்சால் தீவின் ரப்பர் எஸ்டேட்டில் டிராக்டரைப் பிரித்து மாட்டித் தொழில் கற்றவள். இப்போது போர்ட் பிளேயரில் பாதிக் கார்கள் அவளிடம்தான் வந்து இருமிக் காட்டுகின்றன.

"போனை எடுங்க சார்! ஸ்பீக்கர்ல போடுங்க. என் கை பூரா கிரீஸு!"

பெஞ்சில் நகம் கடித்துக்கொண்டிருந்த சந்திரசேகர் எழுந்தார். கட்டட கான்ட்ராக்டர். பத்து நிமிடம் முன்னால்தான் வியர்வையோடு வந்து சேர்ந்திருந்தார்.

"கட்சால்ல வேலை முடிஞ்சு இப்பத்தான் கப்பல் இறங்கினேன். வீட்டுக்குக்கூடப் போகலை. நளினி போன் ஸ்விட்ச் ஆஃப். காரும் இல்லேன்னு பக்கத்து வீட்ல போன்ல சொன்னாங்க. இங்கே வந்தாளா?"

வரவில்லை. நளினி அவருடைய மனைவி. நீலாவதியின் செல்ல மாணவியும்கூட.

ஞாயிறு காலை ஒர்க்‌ஷாப்பில் இலவச வகுப்பு நடக்கும். ஆயில் குச்சியை எப்படிப் பார்ப்பது, டயருக்குக் காற்று எவ்வளவு, எந்த விளக்கு எரிந்தால் வண்டியை ஓரம் கட்ட வேண்டும்... எல்லாம் சொல்லித் தருவாள். மற்ற மெக்கானிக்குகள் கூட்டமாக வந்து சண்டை போட்டார்கள்.

"கஸ்டமருக்கே கத்துக் குடுத்தா நம்ம பிழைப்பு என்னாகும் தீதி?"

"ஏமாத்திப் பிழைக்கிறவன் பிழைப்பு போகும். உனக்கென்ன கவலை?" என்றாள். அப்புறம் யாரும் வரவில்லை.

போன் ஸ்பீக்கரில் இரைந்தது.

"அக்கா! வண்டி ரொம்ப சூடாயிடுச்சு! முள்ளு சிவப்புல நிக்குது. புகையா வருது. என்ன பண்ணணும், ஜல்தி சொல்லுங்க!"

இளைஞன் குரல். பதறியது.

"யாரு தம்பி நீங்க? என் நம்பர் எப்படிக் கிடைச்சுது?"

"பானெட்டைத் தூக்கினேன். உள்ளே ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு. 'நின்னா கூப்பிடு'ன்னு."

"எங்கே நிக்கிறீங்க?"

"திக்லிபூர் ரோட்ல. ஜிர்காடாங் செக்போஸ்ட்டுக்கு நூறு மீட்டர் இருக்கு. ரெண்டரை கான்வாயை நான் பிடிச்சே ஆகணும்கா!"

செக்போஸ்ட்டைத் தாண்டினால் பழங்குடிகளின் காடு. அதற்குள் எந்த வண்டியும் தனியாகப் போக முடியாது. செக்போஸ்ட்டில் வரிசை கட்டி நின்று, போலீஸ் காவலோடு கூட்டமாகத்தான் போக வேண்டும். கடைசிக் கூட்டம் இரண்டரைக்கு. இப்போது மணி ஒன்று ஐம்பத்தைந்து.

நீலாவதி வேனுக்கு அடியிலிருந்து ஊர்ந்து வெளியே வந்தாள்.

"முதல்ல ரேடியேட்டர் மூடியைத் தொடாதீங்க! தொட்டா கொதிக்கிற தண்ணி மூஞ்சில அடிக்கும். பச்சைத் தண்ணியும் ஊத்தாதீங்க. சூட்டுல எஞ்சின் விரிசல் விட்ரும். கீழே எதாச்சும் சொட்டுதா?"

"சொட்டுது."

"என்ன கலர்?"

"ரோஸ் கலர்..."

கிரீஸைத் துடைத்துக்கொண்டிருந்த நீலாவதியின் கை பாதியில் நின்றது.

ரோஸ்!

எஞ்சினைக் குளிர வைக்க அவள் எப்போதும் ஊற்றுவது பச்சைக் கூலன்ட். போன வாரம் கப்பல் வரவில்லை; பச்சை தீர்ந்துபோனது. கடையில் மிச்சமிருந்தது ஒரே ஒரு ரோஸ் டப்பா. அது முழுக்க ஒரே வண்டிக்குள்தான் போனது.

நளினியின் வண்டி!

ரேடியேட்டர் ஹோஸில் சின்ன வெடிப்பு. புது ஹோஸ் சென்னையிலிருந்து கப்பலில் வந்துகொண்டிருக்கிறது. அதுவரை டேப் சுற்றி, 'டவுனைத் தாண்டாதே' என்று சொல்லி அனுப்பியிருந்தாள். நளினி சொன்ன பேச்சைக் கேட்கிறவள்.

அப்படியானால் இவன் யார்?

போனுக்குள் இன்னொரு சத்தம் கேட்டது.

டொக்... டொக்... டொக்...

"தம்பி, எஞ்சின் ஓடுதா?"

"ஓடுதுக்கா."

"உள்ளே எதுவோ தட்டுதே! பேரிங் போச்சா? உடனே ஆஃப் பண்ணுங்க!"

சாவி திரும்பியது. எஞ்சின் நின்றது.

டொக்... டொக்... டொக்...

தட்டல் நிற்கவில்லை!

நீலாவதி போன் பக்கம் காதைச் சாய்த்தாள்.

"அ... அது ஜாக்கிக்கா! டிக்கில உருளுது!"

நிற்கிற வண்டியில் ஜாக்கி எப்படி உருளும்? அவள் கேட்கவில்லை. குரலில் வெண்ணெய் தடவிக்கொண்டாள்.

"ஆமாம் தம்பி, ஜாக்கி அப்படித்தான் படுத்தும். பானெட் திறந்தே இருக்கட்டும். லைன்லயே இருங்க, வழி சொல்றேன்."

மியூட் பட்டனை அழுத்தினாள். திரும்பினாள்.

சந்திரசேகர் வெளுத்துப்போயிருந்தார்.

"சார்! அது நளினி வண்டி. டிக்கிக்குள்ள நளினி இருக்கு. உயிரோட இருக்கு! வெளியே போய் போலீஸுக்குப் போன் போடுங்க. நான் இவனைப் பேச்சுல பிடிச்சு வைக்கிறேன்!"

வாசலுக்கு ஓடினார். ஒரே நிமிடம்தான். திரும்பி வந்தார்.

"சொல்லிட்டேன். கிளம்பிட்டாங்க."

நீலாவதி பெருமூச்சு விட்டுக் கீழே குனிந்தாள். அப்போதுதான் பார்த்தாள்.

அவருடைய வெள்ளைக் கேன்வாஸ் ஷூ. நுனியில் திட்டுத் திட்டாக... ரோஸ்!

புத்திசாலி என்றால் அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருப்பாள். நீலாவதிக்கு அந்தப் பழக்கமே கிடையாது.

"ஏன் சார், கப்பல்ல ரோஸ் கலர் கூலன்ட் தெளிச்சா இறக்கி விட்டாங்க?"

சந்திரசேகர் ஷூவைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். நிதானமாக வாசலுக்குப் போய் ஷட்டரைப் பாதி இறக்கினார்.

இறக்கினான். இனி என்ன மரியாதை?

"வீட்டுக்குப் போகலைன்னீங்க. வண்டி சொட்டுன இடத்துல மிதிச்சிருக்கீங்க. அவளைத் தூக்கி டிக்கில போட்டப்பவா?"

"தூக்க மாத்திரை. பொழுதுசாயும் வரைக்கும் எந்திரிக்க மாட்டான்னு நினைச்சேன்." தரையில் கிடந்த வீல் ஸ்பேனரை எடுத்துக்கொண்டான். "பள்ளிக்கூடச் சுவர்ல நான் கடல் மணல் போட்டேனாம். திங்கட்கிழமை பொதுப்பணித்துறை ஆபீஸ்ல எழுதிக் குடுக்கப் போறாளாம். கட்டின புருஷன் மேல!"

"பிள்ளைங்க தலையில விழற சுவருக்குப் புருஷன்னு தெரியுமா, பொண்டாட்டின்னு தெரியுமா?"

"வாயை மூடு! நான் ஊர்லயே இல்லேன்னு சொல்ல ஒரு சாட்சி வேணும்னுதான் இங்கே வந்தேன். எனக்கு போன் பண்ணாதேன்னு சொன்னா, அந்த மடையன் உனக்குப் பண்ணியிருக்கான்!" ஸ்பேனர் அவள் தலைக்கு மேலே உயர்ந்தது. "வண்டி ரெண்டரைக்குள்ள கிளம்பணும். எப்படின்னு அவனுக்குச் சொல்லிக் குடு. இல்லே, இங்கேயே ஒரு பிணம் விழும்."

"கட்சால்ல சுனாமியில கடல் எந்திரிச்சு வந்ததையே பார்த்தவ நான். பதினேழு இன்ச் ஸ்பேனரைத் தூக்கிக் காட்டுறியே!"

சொல்லிக்கொண்டே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். டிக்கிக்குள் இந்த வெயிலில் ஒருத்தி வெந்துகொண்டிருக்கிறாள். கான்வாய் காட்டுக்குள் நுழைந்துவிட்டால் அந்தப் பக்கம் உப்பங்கழி, சேறு, முதலை. அப்புறம் தட்டல் கேட்காது.

மணி இரண்டு ஐந்து.

மியூட்டை எடுத்தாள்.

"தம்பி..."

"டேய் நாகராஜ்!" சந்திரசேகர் குறுக்கே பாய்ந்தான். "அந்தம்மா சொல்ற மாதிரி செய்டா!"

"சா... சார்? நீங்க எப்படி சார் அங்கே?"

"செய்டா நாயே!"

நீலாவதி கண்ணை மூடினாள். இருபது வருஷமாக யாருக்கும் ஒரு தப்பான யோசனை சொன்னதில்லை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சரியாகத்தான் வரும். நாக்கு மறுத்தது. அதட்டி வழிக்குக் கொண்டுவந்தாள்.

"ஃபேன் சுத்தலை தம்பி, அதான் சூடு. பேட்டரி பக்கத்துல கறுப்புப் பெட்டி இருக்கா? மூடியைத் திற."

"திறந்துட்டேன். மூடியில என்னென்னவோ படம் போட்டிருக்கே?"

"அதைப் பார்க்காதே. கம்பெனிக்காரன் தப்பா அச்சடிச்சிருக்கான். கீழ் வரிசையில கடைசி டப்பாவைப் பிடுங்கு. அது செத்துப்போச்சு. தூரத் தூக்கிப் போடு."

"போட்டுட்டேன். சைட்ல புதருக்குள்ள விழுந்துருச்சு."

அது எஞ்சினுக்குப் பெட்ரோல் ஏற்றும் பம்பின் ரிலே; அந்த சுவிட்ச் இல்லாமல் பெட்ரோல் ஏறாது! இனி அந்த வண்டி பிரம்மா வந்து சாவி போட்டாலும் கிளம்பாது.

"சபாஷ். இப்ப அதுக்கு மேல உள்ளதைக் கழட்டு. குழியில நாலு ஓட்டை தெரியுமே? சின்ன வயரை ரெண்டு பக்கமும் சீவி, எதிரெதிர் ஓட்டையில நல்லா அழுத்திச் சொருகு. ஃபேன் தானா சுத்தும்."

சந்திரசேகர் திருப்தியாகத் தலையாட்டினான். வாழ்நாளில் ஒரு தடவைகூட பானெட்டைத் தூக்கிப் பார்க்காதவன்.

"வயர் கிடைச்சுது... சொருகறேன்... எந்த ஜோடிக்கா?"

"மாத்தி மாத்திப் போட்டுப் பாரு. உள்ளே போகட்டும், பயப்படாதே."

ஒரு விநாடி.

"பாஆஆஆஆஆஆம்...!"

ஹார்ன்!

செல்போனே அதிர்ந்தது. விடாமல், மூச்சு வாங்காமல் அலறியது. செக்போஸ்ட்டுக்கு நூறே மீட்டரில்... எண்பது வண்டி வரிசையில் நிற்கிற இடத்தில்... காக்கிச் சட்டைகளின் காதுக்குப் பக்கத்தில்!

"அக்கா! நிக்க மாட்டேங்குது! வயர் உள்ளே மாட்டிக்கிச்சு! எல்லாரும் வர்றாங்க!"

"வரட்டும் ராஜா."

கூட்டத்தின் குரல்கள் ஸ்பீக்கரில் நெருங்கின.

"க்யா ஹுவா பாய்? பந்த் கரோ!" ஹார்னை நிறுத்தச் சொல்லி ஒரு ஹிந்திக் குரல்.

"ஏய், கிளப்பிட்டுப் போய்யா!"

"ஸ்டார்ட் ஆகலை சார்! ஆகலை!"

யாரோ வயரைப் பிடுங்கினார்கள். ஹார்ன் நின்றது. அந்தத் திடீர் நிசப்தத்தில், எல்லோர் காதிலும் தெளிவாக விழுந்தது.

டொக்... டொக்... டொக்...

"டிக்கி மே கௌன் ஹை? கோலோ! அபி கோலோ!" உள்ளே யார், உடனே திற என்று ஒரு போலீஸ் குரல் அதட்டியது.

தாழ்ப்பாள் விடுபட்டது. ஒரு பெண் மூச்சுத் திணறி இருமினாள்.

"என்... என் புருஷன்... சந்திரசேகர்... அவன்தான்..."

சந்திரசேகரின் கையிலிருந்து ஸ்பேனர் நழுவி, அவன் ஷூ மேலேயே விழுந்தது. அலறினான். ஒற்றைக் காலில் நொண்டி, ஷட்டருக்கு அடியில் குனிந்து வெளியே பாய்ந்தான். வாசலில் ஒரு ஜீப். சாவி அதிலேயே தொங்கியது. ஏறினான். ஜீப் உறுமியது. சரிவில் விட்டான்.

நீலாவதி பின்னாலேயே ஓடினாள்.

"யோவ்! அதுல ப்ரேக் கிடையாது! ப்ரேக் சாமான் கப்பல்ல வருது!"

ஜீப் வேகமெடுத்தது.

அவளைக் கொல்ல வந்தவன். கட்டிய மனைவியை டிக்கியில் போட்டவன். விட்டுத் தொலைக்க வேண்டியதுதானே? பாழாய்ப்போன மனசு கேட்கவில்லை. கையை வாயருகே குவித்துக் கத்தினாள்.

"கியரைக் குறை! செகண்டு... அப்புறம் ஃபர்ஸ்டு! ஹேண்ட் ப்ரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமா இழு! சாவியைத் திருப்பாதே, ஸ்டியரிங் லாக் ஆயிரும்!"

பெண் பிள்ளை சொல்லி அவன் என்றைக்குக் கேட்டான்?

சாவியைத் திருப்பினான்.

ஜீப் நேராகப் போய், மழைத் தண்ணீர் நிறைந்த பெரிய சாக்கடையில் தலைகீழாக மூழ்கி எழுந்தது. ஏர்போர்ட் ரோட்டில் நின்ற டிராஃபிக் போலீஸ்காரர்தான் அவனைக் காலரைப் பிடித்து இழுத்துக் கரை சேர்த்தார். தோள் எலும்பு போயிருந்தது. கையில் விலங்கு மாட்ட அது ஒரு தடையாக இல்லை.

மாலை ஐந்தரை. ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது.

"அக்கா..." குரல் கம்மியிருந்தது. "நளினி பேசறேன்."

நீலாவதி போனை இறுகப் பிடித்தாள். கண்ணைத் துடைத்தாள். கிரீஸ் முகமெல்லாம் பரவியது.

"எப்படிம்மா இருக்கே?"

"டிரிப் ஏத்தியிருக்காங்க. திங்கட்கிழமைக்குள்ள விட்ருவாங்களாம். டிரிப்போட அனுப்பினாலும் சரி, நேரா ஆபீஸ் போறேன். அந்தச் சுவரைப் பத்தி எழுதிக் குடுக்காம விட மாட்டேன்!"

"நானும் வர்றேன். எவன் தடுக்கறான்னு பார்ப்போம்!"

"உங்களாலதான் உசிரோட இருக்கேன்க்கா."

"அதை விடு. வலி எப்படி இருக்கு? அவ்வளவு நேரம் டிக்கில சுருண்டு கிடந்தியே, உடம்பு என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகலை. நல்லவேளை, ஸ்டெப்னி டயர் மேல கிடந்தேன். மெத்தை மாதிரி மெத்து மெத்துன்னு இருந்துச்சு."

நீலாவதி நிமிர்ந்து உட்கார்ந்தாள். முகம் சிவந்தது.

"மெத்து மெத்துன்னா? அடிப்பாவி! ஸ்டெப்னிக்குக் காத்து அடிச்சு எத்தனை மாசம்டி ஆச்சு?!"