மேரன் பின்னால் வருகிறாள்

"உங்க வீட்டுக்காரம்மா போன் பண்ணாங்க" என்றாள் டோரீன், நகல் எடுக்கும் இயந்திரத்திலிருந்து தலையைத் தூக்காமலே.

எவரெட் கையில் காப்பி இருந்தது. அதை வைக்க இடம் தேடினான். நிலவியல் துறை அலுவலகத்தில் எந்த மேசையைப் பார்த்தாலும் கற்கள்.

"யாரு?"

"யாரா? எத்தனை பேரு வச்சிருக்கீங்க, ப்ரொஃபசர்?"

டோரீன்தான் துறை அலுவலகத்தை நடத்துபவள். இந்த ஊரிலேயே பிறந்தவள். லைன் சரியில்லை, ஒரே காற்றுச் சத்தம் என்றாள். அவன் மனைவி மேரன் இல்லினாய் மாநிலத்தைக் கடந்து ஆற்றுப்பாலத்தில் நிற்கிறாளாம். அங்கிருந்து இந்த ஊருக்கு எந்தச் சாலை என்று கேட்டாளாம். டோரீன் வழி சொல்லியிருக்கிறாள். குழந்தைக்குச் சளி விட்டதா என்றும் கேட்டாளாம்.

மேரன் ஜூன் மாதம் இறந்துவிட்டாள்.

அவளை எரித்த இடம் சிகாகோவில் ஒரு சின்னச் செங்கல் கட்டடம். அன்று நல்ல வெயில். அவனுக்கு நினைவிருப்பது அவ்வளவுதான்.

இந்த வேலை அவள் இருக்கும்போது வந்தது. அவனுக்கு நிலவியல் துறை, அவளுக்கு நூலகத்தில் அரை நாள். ஒருவரை வேலைக்கு எடுத்தால் அவருடைய கணவனுக்கோ மனைவிக்கோ ஏதாவது பார்த்துக் கொடுப்பது பல்கலைக்கழக வழக்கம். அப்படி வருகிறவருக்கு ஒரு பெயரும் உண்டு: பின்தொடரும் துணை. மேரன் அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "நாய்க்குட்டி மாதிரி இல்ல?" என்றாள். பிறகு ஆஸ்பத்திரி. பிறகு ஜூன்.

ஆகஸ்டில் அவன் நான்கு வயது மகள் ஜூனியோடு இங்கே வந்து இறங்கினான். முதல் நாளே டோரீன் வாசலில் நின்றுகொண்டு, எங்கே நம்ம பின்தொடரும் துணை என்று கேட்டாள். சொல்லவேண்டிய சொல் தொண்டைவரை வந்தது. அங்கேயே நின்றுவிட்டது.

"பின்னால வர்றா" என்றான்.

அவன் விரலைப் பிடித்திருந்த ஜூனி நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

அதன்பிறகு அது வசதியாகிவிட்டது. பக்கத்து வீட்டார் கேட்டார்கள், பெட்ரோல் பங்க்கில் கேட்டார்கள், நூலகத்தில் கேட்டார்கள். சனவரியில் சேர்ந்துவிடுவாள், பின்னால வர்றா. யாருடைய முகமும் தொங்கிப்போகவில்லை. யாரும் பாத்திரத்தில் சாப்பாடு கொண்டுவந்து அவன் தோளைத் தடவவில்லை. சின்ன ஊர். சொன்னதை நம்புகிற ஊர்.

யாரோ தவறுதலாகக் கூப்பிட்டிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டான். அன்று மாலை வீடு திரும்பியபோது ஜூனிக்குச் சளி விட்டிருந்தது.

இரண்டு நாள் கழித்து ஊர் எல்லையில் பெட்ரோல் போட நிறுத்தினான். பங்க் வைத்திருக்கும் கிழவர் ஆர்லோ கல்லாவுக்குப் பின்னாலிருந்து அவனை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"ஏம்ப்பா, படிச்சவன்தானே நீ? பொண்டாட்டியை நடக்க விட்டுட்டு நீ மட்டும் சொகுசா கார்ல வந்துட்டியா?"

சோளக் கிடங்குகளுக்கு அந்தப் பக்கம், நெடுஞ்சாலை ஓரமாக அவள் நடந்து வந்துகொண்டிருந்தாளாம். லாரியை நிறுத்தி ஏறச் சொன்னாராம். அவள் ஏறவில்லை. அவர் முன்னால போயிட்டாரு, நான் பின்னாலயே வந்துக்கறேன் என்றாளாம். ஆர்லோ விடவில்லை. தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கும் மஞ்சள் வீடுதான் என்று அடையாளம் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

"எப்படி இருந்தா?" என்று கேட்டான். குரல் தன்னுடையது போலில்லை.

ஆர்லோ யோசித்தார். "குளிருக்குப் பழகினவங்க மாதிரி" என்றார்.

அன்று வீட்டில் ஒவ்வொரு தாழ்ப்பாளையும் இழுத்துப் பார்த்தான். நாலரைக்கே இருட்டிவிடும் டிசம்பர். தரைக்கடியில் வீட்டைச் சூடாக்கும் இயந்திரம் உறுமி ஓய்ந்தபின் சுவர்களுக்குள் தகரக் குழாய்கள் ஒவ்வொன்றாகச் சுருங்கிச் சொடுக்கிக்கொள்ளும் சத்தம், சமையலறையில் ஜூனி பாதி தின்று வைத்த மக்ரோனியின் ஆறிப்போன சீஸ் வாடை, ஜன்னலுக்கு வெளியே அறுவடை முடிந்த வயல்களின் மேல் பனி மெல்ல மெல்ல நீலமாகிக் கருத்துப்போவது, அதன் குறுக்கே எங்கேயும் போகாதது போல நீண்டு கிடக்கும் சாலை. எல்லாம் தினமும் உள்ளவைதான். ஆனால் இன்று அவை எல்லாமே வாயை மூடிக்கொண்டு காது கொடுத்துக் கேட்பது போலிருந்தது.

பின்கட்டு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அணைத்தான். கை கழுவிவிட்டுத் திரும்பினால் மறுபடி எரிந்தது. ஜூனி நாற்காலி போட்டு ஏறி நின்றிருந்தாள்.

"ஏன் போட்டே?"

"அம்மாக்கு இருட்டுல தெரியாதுல்ல."

அவளைத் தூக்கிக்கொண்டான். ஆறு மாதமாக அவனுக்கு எதுவும் வலித்ததில்லை, எதற்கும் பயமில்லை. இப்போது அவளுடைய சூடான கழுத்தில் முகத்தை வைத்ததும் இரண்டும் ஒன்றாக வந்தன. இவள் ஒருத்திதான் மிச்சம். இவளைக் கொடுக்க மாட்டேன் என்று நினைத்தான். யாரிடம் சொல்கிறோம் என்று தெரிந்தே நினைத்தான்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் டோரீன் அவனுடைய அறை வாசலில் வந்து நின்றாள். முகத்தில் அவ்வளவு மகிழ்ச்சி.

"வந்து சேர்ந்துட்டாங்க, ப்ரொஃபசர். தேவாலயத்து முனையில பார்த்தேன். பாவம், கால்ல செருப்புகூட இல்ல. உங்களைக் கூப்பிடறேன்னு சொன்னேன். வேண்டாம், அவருக்கு வேலையிருக்கும்னுட்டாங்க. ஜூனியைத் தானே போய் கூட்டிக்கறாங்களாம். பள்ளிக்கூடத்துக்கு வழி கேட்டாங்க."

"சொன்னீங்களா?"

"சொல்லாம? பெத்தவங்க."

அவன் எழுந்தான். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"டோரீன், மேரன் செத்துட்டா. ஜூன்லயே."

அந்தச் சொல் வெளியே வந்துவிட்டது. இவ்வளவு சுலபமாக. டோரீன் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. குனிந்து தன் வலது உள்ளங்கையைப் பார்த்தாள். அதைப் பாவாடையில் துடைத்தாள். மறுபடி துடைத்தாள்.

"நான் அவங்க கையைப் பிடிச்சேன்" என்றாள்.

குழந்தைகள் பள்ளி பல்கலைக்கழக வளாகத்தின் மறுகோடியில் இருந்தது. ஓடினான். பனி தூறத் தொடங்கியிருந்தது. ஜூனி உள்ளேதான் இருந்தாள். கோட்டு, தொப்பி, கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு கண்ணாடிக் கதவருகே தயாராக நின்றாள். அம்மா வருவதாகச் சொல்லித் தானே மாட்டிக்கொண்டாள் என்று ஆசிரியை சிரித்தாள். அவன் குழந்தையை அள்ளிக்கொண்டு காருக்கு ஓடி, பின்சீட்டில் வைத்துப் பட்டையை இழுத்து மாட்டினான். கதவுகளைப் பூட்டினான்.

வீட்டுக்குப் போகவில்லை. மேற்கே திரும்பினான், அவள் வந்த திசைக்கு எதிராக. கடைசித் தெருவிளக்கு போயிற்று. சோளக் கிடங்கு ஒன்று கறுப்பாக எழுந்து மறைந்தது. அதன்பிறகு வயல்தான், பனிதான், முன்விளக்கு வெளிச்சத்தில் வெள்ளைப் புள்ளிகள் முகத்தை நோக்கிப் பாய்ந்து வந்துகொண்டே இருந்தன. வேகமுள் எழுபது மைலைத் தொட்டது. எண்பது. சக்கரங்கள் லேசாக வழுக்கின.

மூச்சு சற்றே இறங்கியது. தப்பித்துவிட்டோம்.

"அப்பா" என்றாள் ஜூனி.

"என்னடா கண்ணு?"

"மெதுவா போப்பா. அம்மாவால இவ்வளவு வேகமா ஓட முடியல."

அவன் பின்சீட்டைக் காட்டும் கண்ணாடியைப் பார்க்கவில்லை. சாலையைப் பார்த்தான். சாலையை மட்டும்.

ஏதோ ஒரு சத்தம். எஞ்சினுக்கு அடியில். காற்றுக்கு அடியில். ஈரமாக, சீராக. வெறுங்கால் சத்தம்.

மிதியை அழுத்தினான்.

சத்தமும் வேகமானது.

பின்சீட்டில் கிளிக் என்றது. பட்டை கழன்ற சத்தம்.

"ஜூனி. உக்காரு."

குளிர் அவன் பிடரியில் அறைந்தது. ஜன்னல் இறங்கிக்கொண்டிருந்தது. பனி உள்ளே சுழன்றது. அதோடு ஆஸ்பத்திரி சோப்பின் வாசனை.

அப்போதுதான் பார்த்தான்.

ஜூனி முழங்காலிட்டு, இடுப்புவரை ஜன்னலுக்கு வெளியே சாய்ந்திருந்தாள். கையுறையைக் கழற்றிவிட்டிருந்தாள். பின்விளக்கின் சிவப்பில், ஓடும் காரின் பக்கவாட்டில், சாம்பல் நிறத்தில் ஒரு கை நீண்டு வந்து அவளுடைய சின்ன விரல்களை ஒவ்வொன்றாகப் பற்றிக்கொண்டிருந்தது. ஜூனி சிரித்துக்கொண்டிருந்தாள்.