கீழ்புத்துப்பட்டில் நின்ற வண்டி

செல்லப்பன் விடியற்காலையில் மீன் வாங்கப் போனால், பையில் மீனும் வாயில் ஊர்ச்செய்தியுமாகத்தான் திரும்புவார். அந்த ஞாயிற்றுக்கிழமை மீன் நன்றாக இருந்தது. செய்திதான் சப்பென்று இருந்தது.

"கலியன் உப்பளத்து ஷெட்டுல நாலு நாளா விடியற வரைக்கும் லைட்டு பளிச்சுனு எரியுது அமரா. முன்னல்லாம் நான் போற நேரத்துக்கு அணைஞ்சு கெடக்கும்."

"எரிஞ்சுட்டுப் போவட்டுங்க. மீன அலசிக் குடுங்க" என்றார் அமராவதி.

அமராவதி இருபது வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காக அடிபட்ட வண்டிகளைப் பார்த்து, எது நிஜ விபத்து, எது ஜோடனை என்று எழுதிக் கொடுத்தவர். அந்த வேலையை விட்ட பிறகும், மரக்காணத்தில் யாருக்கு வண்டித் தகராறு வந்தாலும் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டினார்கள். அவருடைய கணவர் செல்லப்பன் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். டிக்கெட் எடுக்காதவனை முகத்தைப் பார்த்தே பிடித்தவர் என்பதால், தானும் ஒரு துப்பறிவாளர்தான் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது.

மீன் அடுப்பில் கொதிக்கும்போது வாசலில் ஒரு குட்டியானை வேன் வந்து நின்றது. அதிலிருந்து ஒல்லியான பெண் ஒருத்தி இறங்கினாள். பின்னால் கயிற்றில் கட்டிய ஒரு சின்ன எலெக்ட்ரிக் பைக். பெயர் கீதாஞ்சலி, ஊர் அனுமந்தை, பாண்டிச்சேரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் பிரிவில் வேலை.

"காலையில ஆறு மணிக்கு மெஷின் போட்டாகணும் மேடம். அந்த நேரத்துக்குப் போய்ச்சேர எங்க ஊர்ல இருந்து பஸ் இல்ல. ரெண்டு தடவ லேட்டாயிட்டேன். நாளைக்கும் லேட்டுன்னா வேற ஆள் பாத்துக்கறேன்னு சொல்லிட்டாங்க. அதனாலதான் இந்த வண்டிய வாங்கினேன். வெயிட் கம்மி, ஒருவேளை நின்னாக்கூட நானே தள்ளலாம்னு நெனச்சேன்." அவள் கண் கலங்கியது. "நேத்து நெஜமாவே தள்ள வெச்சிடுச்சு."

நடந்ததை அமராவதி ஒழுங்காகக் கேட்டு வாங்கினார். கீழ்புத்துப்பட்டில் பழைய வண்டி விற்கும் பிரபுவின் கடை. செவ்வாய்க்கிழமை அங்கே அட்வான்ஸ் கொடுத்து, வண்டியைப் பாண்டிச்சேரிக்கும் ஊருக்குமாக நாள் முழுக்க ஓட்டிப் பார்த்துவிட்டு, சாயங்காலம் கடையிலேயே விட்டாள். எழுபது கிலோமீட்டர் ஓடியும் சார்ஜ் மிச்சம் இருந்தது. போன வருடம்தான் புது பேட்டரி போட்டது என்று பில்லும் காட்டினார்கள். வியாழக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டாள். நேற்று சனிக்கிழமை, முதல் தடவையாக முழு சார்ஜில் அதில் வேலைக்குப் போய்த் திரும்பும்போது, கீழ்புத்துப்பட்டு தாண்டுவதற்குள் வண்டி செத்துவிட்டது. மொத்தம் முப்பத்தாறு கிலோமீட்டர்தான்.

"பிரபு என்ன சொல்றார்?"

"செவ்வாய்க்கிழமை நான் விட்ட வண்டி வியாழக்கிழமை வரைக்கும் கடைய விட்டு நகரவே இல்லன்னு சத்தியம் பண்றார். துணியால தொடைச்சதோட சரியாம்."

செல்லப்பன் துள்ளி எழுந்தார். "பேட்டரிய மாத்திட்டான்! அவன் மூஞ்சியப் பாத்தாலே தெரியும்."

"அவர் மூஞ்சிய நீங்க எங்க பாத்தீங்க? உக்காருங்க" என்று சொல்லிவிட்டு, அமராவதி பைக்கின் அருகில் குந்தி உட்கார்ந்தார்.

சக்கர நட்டு, ஸ்டாண்டு என்று அடிப்பக்கம் முழுக்கப் புதிதாக கிரீஸ் தடவியிருந்தது. மட்கார்டின் உள்பக்கத்தில்கூட மண் இல்லை. கீதாஞ்சலி செவ்வாயன்று போனில் எடுத்த படத்தில் அதே இடம் புழுதியாக இருந்தது. பேட்டரிப் பெட்டியைத் திறந்தார். பேட்டரியைச் சுற்றி, வெட்டிய பிளாஸ்டிக் உப்புச் சாக்கு. அதன்மேல் சணல் கயிறு. அவிழ்த்தால் பேட்டரியில் அச்சடித்திருந்த தேதி நாலு வருடப் பழசு.

"ஓட்டிப் பாத்த அன்னைக்கு இந்தப் பெட்டியத் திறந்து பாத்தியாம்மா?"

"திறந்தேன். இதே மாதிரி சாக்கு சுத்தியிருந்துச்சு. பிரிச்சுப் பாக்கல."

"மீட்டர் படம் இருக்குதா?"

இருந்தது. எதையும் படம் எடுத்து வைக்கும் பெண் அவள். செவ்வாய் மாலைக்கும் வியாழன் காலைக்கும் நடுவில் மீட்டர் முப்பத்தைந்து கிலோமீட்டர் ஏறியிருந்தது. அமராவதிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "இதுக்கு முந்தி வண்டி யார்கிட்ட இருந்ததுன்னு ஆர்.சி.ல பாருங்க" என்றார்.

செல்லப்பன் வாங்கிப் படித்தார். "கலியன், மரக்காணம். அட, நம்ம கலியன்!"

"சாயங்காலம் பிரபுவயும் அங்கயே வரச்சொல்லுங்க."

கலியன் வீட்டு வாசலில் ஐந்து மணிக்கு எல்லோரும் கூடினார்கள். உப்பளம் வைத்திருக்கும் கலியன் எதுவும் புரியாமல் நின்றார். அவர் மனைவி சின்னப்பாப்பா எல்லோருக்கும் மோர் கொடுத்தார். பிரபு மட்டும் மோரைக் குடிக்கவில்லை.

"பிரபு, புதன்கிழமை இந்த வண்டி எங்க இருந்துச்சு?" என்று கேட்டார் அமராவதி.

"கடையிலதான் மேடம்."

"கடையில நிக்கற வண்டி முப்பத்தஞ்சு கிலோமீட்டர் ஓடாதுங்க. உங்க கடையிலேருந்து இங்க வந்துட்டுப் போனா அவ்ளோதான் வரும். அதோட, துணியால தொடைச்சா மட்கார்டுக்கு உள்ளாற சுத்தமாவாது. பைப்பு வெச்சு அடியில தண்ணி அடிச்சு, காய வெச்சு, நட்டுக்கு நட்டு கிரீஸ் தடவியிருக்குது. அளத்துக்குப் போய்வந்த வண்டிய அப்படிக் கழுவலன்னா உப்பு அரிச்சுடும். அது அளத்துக்காரங்க கை."

பிரபு தலையைச் சொறிந்தான். "அண்ணன் மொபெட் ரிப்பேர்னு ஒரு நாளைக்குக் கேட்டார் மேடம். பொண்ணு அட்வான்ஸ் குடுத்த வண்டிய வெளிய விட்டேன்னு தெரிஞ்சா கோச்சுக்குமேன்னு மறைச்சுட்டேன். பேட்டரியத் தொடக்கூட இல்ல, அம்மா மேல ஆணை."

"அப்ப கலியன்தான்!" செல்லப்பன் விரலை நீட்டினார். கலியனுக்கு முகம் செத்துவிட்டது.

"ஏமாத்தணும்னு நெனச்சவர் வண்டியக் கழுவிக் குடுப்பாராங்க?" என்றார் அமராவதி. "கலியண்ணே, கழுவறதுக்கு முன்னாடி பேட்டரியக் கழட்டி எங்க வெச்சீங்க?"

"வீட்டுக்குள்ள, நடையில. ஷெட்டு லைட்டுக்கு இருக்கற பழைய பேட்டரி அங்கதான் சார்ஜுல கெடந்துச்சு."

"அதுக்கும் சாக்கு சுத்தியிருக்குமா?"

"உப்புக் காத்து புகுந்துடும்ல? நான் எந்த பேட்டரிக்கும் சாக்கு சுத்தி..." கலியன் பாதியில் நிறுத்தினார். வாய் திறந்தபடி இருந்தது.

"ரெண்டும் ஒரே சைசு, ஒரே சாக்கு, ஒரே சணல். நீங்க ஒண்ண வண்டியில போட்டீங்க. மிச்சத்த சின்னப்பாப்பா அக்கா ஷெட்டுக்கு எடுத்துட்டுப் போனாங்க. பழச வெச்சுக்கிட்டு பிரபு கடை வரைக்கும் போறதுக்குத் தடங்கல் இல்ல, பதினேழு கிலோமீட்டர்தான். அதனால உங்களுக்கும் தெரியல. நல்ல பேட்டரியிலதான் இப்ப உங்க ஷெட்டு லைட்டு எரியுது."

"அது எப்படி உனக்குத் தெரியும்?" என்று கேட்டார் செல்லப்பன்.

"நீங்கதான சொன்னீங்க. மீனோட சேத்துக் கொண்டாந்தீங்களே."

செல்லப்பன் ஒரு நிமிடம் விழித்தார். பிறகு, இதை ஆரம்பத்திலிருந்தே தெரிந்து வைத்திருந்தவர் போல மார்பை நிமிர்த்திக்கொண்டார்.

கலியன் ஓடிப்போய் ஷெட்டு பேட்டரியைத் தூக்கி வந்தார். சாக்கைப் பிரித்தால் போன வருடத் தேதி. அதை வண்டியில் மாட்டியதும் கீதாஞ்சலி கலியனின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிரபு இப்போதுதான் மோரை ஒரே மூச்சில் குடித்தான்.

சின்னப்பாப்பா மட்டும் பழைய பேட்டரியைப் பார்த்தபடி நின்றார். "நாலு நாளா லைட்டு மங்காம எரிஞ்சுச்சு. அம்மன் கண்ணத் தொறந்துட்டான்னு நெனச்சேன். மூணு மணிக்கு உப்பு வார ஆளுங்க வருவாங்க. அவங்களுக்கு எப்பவும் இருட்டுலதான் டீ போடுவேன். பரவால்ல, பழக்கந்தான."

கலியன் கிரீஸ் படிந்த கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"வண்டிக்குப் புதுசு வாங்கிப் போட்டேன். உனக்குப் பழசக் குடுத்தேன். ஒரு வருஷமா ஒரு வார்த்த சொல்லலியே நீ" என்றார்.

"நீ கேக்கலியே" என்றார் சின்னப்பாப்பா.

திங்கட்கிழமை காலை ஐந்து ஐம்பதுக்கு அமராவதியின் போனுக்கு ஒரு படம் வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் பைக், மீட்டர் பக்கத்தில் கட்டைவிரல். அமராவதி அதைக் கணவரிடம் காட்டிவிட்டு டீ போடப் போனார்.

வியாழக்கிழமை செல்லப்பன் மீன் வாங்கி வந்தார். பையை வைத்துவிட்டு, சொல்லலாமா வேண்டாமா என்பது போல நின்றார்.

"கலியன் ஷெட்டுல மறுபடி லைட்டு பளிச்சுனு எரியுது அமரா."

அமராவதி அரிவாள்மனையைக் கீழே வைத்தார். "விடியற வரைக்குமாங்க?"

"நான் வர்றப்ப சூரியன் வந்துடுச்சு. அந்தம்மா இன்னும் அணைக்கல."